புத்தாண்டுக்கு என்ன தீர்மானம் எடுப்பது? மகனுக்கு ஆட்டிசம், ஜனவரியில் முதல் வகுப்பு

தெம்பனிஸ் நிலா
டிசம்பர் 27, இரவு 11:40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு மார்ச் வந்தால் ஏழு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இபிக் வகுப்பு (பள்ளி வயதுக்கு முன் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆரம்பப் பயிற்சி), பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரப்பி (அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சி) என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் ஒரு சிறப்புக் கல்விப் பள்ளியில் முதல் வகுப்பு. சீருடை வாங்கியாகிவிட்டது. கழுத்தில் இருந்த லேபிளை வெட்டினால் மட்டும் போதவில்லை. அது தைத்திருந்த நூலையும் பிரித்தெடுத்து, துணி மெதுவாகும் வரை துவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். இப்போது போட்டுக்கொள்கிறான்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது எல்லாரும் புத்தாண்டுத் தீர்மானம் பற்றிப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து நானும் ஒரு தாளில் எழுதினேன். வருடம் முடிவதற்குள் அவன் வாக்கியமாகப் பேச வேண்டும். டயப்பர் இல்லாமல் இருக்க வேண்டும். வெள்ளைச் சோறு, தயிர், பரோட்டா தவிர வேறு ஏதாவது சாப்பிட வேண்டும். ஐபேட் அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. பள்ளியில் ஆங்கிலம்தான் என்பதால் வீட்டிலும் ஆங்கிலம் மட்டும். கடைசியாக, நான் அவன் முன்னால் அழக்கூடாது.

எழுதி முடித்துப் படித்தபோது மலைப்பாக இருந்தது. மொழி விஷயத்தில் ஒரு சிக்கலும் உண்டு. மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருக்குத் தமிழ்தான் வரும். அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறார், சோறு ஊட்டுவது அவர்தான். ஆனால் கோபம் வந்தால் “நீ வேலைக்குப் போனதாலதான் பிள்ளை இப்படி ஆனான்” என்று சொல்லிவிடுகிறார்.

பெரிய பிள்ளைகள் வைத்திருக்கும் அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள். நம்மைப் போன்ற பெற்றோர் புத்தாண்டுக்கு என்ன தீர்மானம் எடுக்கலாம்? எடுக்கத்தான் வேண்டுமா?


பொங்கோல் குமார்
டிசம்பர் 28, காலை 7:15

வணக்கம்மா. எனக்கு ஒன்பது வயசுப் பொண்ணு. தீர்மானத்தப் பத்தி அப்புறம் வர்றேன். முதல்ல 31ஆம் தேதி ராத்திரிய யோசிச்சு வச்சுக்குங்க. முன்னாடியெல்லாம் வாணவேடிக்கைன்னா மரினா பேயோட போச்சு. இப்ப குடியிருப்புப் பேட்டைகள்லயும் வைக்கிறாங்க. உங்க வட்டாரத்துல எங்க, எத்தனை மணிக்குன்னு முன்கூட்டியே பாத்துடுங்க. காத அடைக்கிற ஹெட்போன அன்னைக்கு ராத்திரி திடீர்னு மாட்டினா பிடுங்கி எறிஞ்சிடுவான். இன்னைலேருந்து வீட்டுல கொஞ்ச நேரம் மாட்டிப் பழக்குங்க. காலண்டர்ல அந்தத் தேதியில ஒரு படம் வரைஞ்சு காட்டுங்க. ராத்திரி சன்னலெல்லாம் சாத்தி, பேன் போட்டு, அவனுக்குப் பிடிச்ச பாட்ட ஓட விடுங்க. என் பொண்ணு கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்துக்குவா. நாங்க அங்கயே மெத்தை போட்டுக் குடுத்துட்டோம்.

என் தீர்மானம் ஒண்ணே ஒண்ணு: நீச்சல். நம்ம பிள்ளைங்கள்ல நிறையப் பேர் சொல்லாம கதவத் திறந்துட்டுப் போயிடுவாங்க, போனா தண்ணி இருக்கிற பக்கம் போவாங்க. நான் இருக்கிறது பொங்கோல், எந்தப் பக்கம் திரும்பினாலும் நீர்வழி. அதனால போன வருஷம் சன்னல் எல்லாத்துக்கும் கம்பி போட்டேன், கேட்டுக்கு மேல ஒரு தாழ்ப்பாள் போட்டேன். இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில நானும் அவளோட தண்ணியில இறங்குவேன். எனக்கே நீச்சல் சரியா வராது, அதனால சேந்து கத்துக்கிறோம்.


யீஷூன் அக்கா
டிசம்பர் 28, பிற்பகல் 2:05

தங்கச்சி, நான் மருத்துவமனையில் இரவுப் பணி செய்கிறவள். பணி முடிந்து வந்து தூங்கி எழுந்து இதை எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினேழு வயது. வரும் வருடத்தோடு அவனுக்குப் பள்ளி முடிகிறது. அவனை முதல் வகுப்பில் சேர்த்தபோது கட்டாயக் கல்விச் சட்டம் நம் பிள்ளைகளைத் தொடவே இல்லை. 2019-இல்தான் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் இடம் கிடைத்தால் சேர்க்கலாம், கிடைக்காவிட்டால் காத்திருக்கலாம், அவ்வளவுதான். உங்கள் மகனுக்குப் பள்ளி என்பது உரிமையாகவே கிடைக்கிறது. சந்தோஷமாக அனுப்புங்கள்.

உங்கள் பட்டியலைப் படித்தேன். ஐபேடும் ஆங்கிலமும் அழுகையும் உங்கள் கையில் இருப்பவை. மற்றதெல்லாம் அவன் வாயும் வயிறும் குடலும் செய்ய வேண்டியவை. அவன் உடம்பு எதற்கு எப்போது தயாராகும் என்பது உங்கள் கையில் இல்லை, பாவம், அவன் கையிலும் இல்லை. டிசம்பர் வந்து அது நடக்காமல் போனால் முதலில் உங்கள் மேல் கோபம் வரும், அடுத்து அவன் மேல் வரும். பிள்ளைக்குப் பயிற்சி இலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பள்ளியில் ஆசிரியரோடு உட்கார்ந்து அவனுக்கென்று தனித் திட்டமாக எழுதுவார்கள், நீங்களும் பேசலாம். ஆனால் புத்தாண்டுத் தீர்மானம் என்று எடுத்தால் அது நம்முடையதாக இருக்கட்டும். நான் வருடத்துக்கு ஒன்று எடுப்பேன். என் கையால், என் காலால், என் வாயால் நானே செய்து முடிக்கக்கூடியதைத்தான் எடுப்பேன்.

ஒன்றைச் சொல்கிறேன். அவனுக்கு எட்டு வயதாகும்போது நான் எடுத்த தீர்மானம், “இந்த வருடம் அவனை யாரும் பிடித்து அமுக்கி முடி வெட்டக்கூடாது” என்பது. அதுவரை முடி வெட்டும் நாள் என்றால் எங்கள் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கும். எங்கள் புளோக்கின் கீழே ஒரு சின்ன முடிதிருத்தும் கடை. ஒரு பெரியவர் நடத்தினார். அவரிடம் போய், “ஐயா, இவனுக்கு முடி வெட்ட வேண்டாம், கடையைப் பார்த்துப் பழகட்டும்” என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் இருக்காது, அப்போது கூட்டி வா என்றார். முதலில் வெளியில் நின்று சுழலும் விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றி, இறங்கி வந்துவிடுவோம். கழுத்தில் கட்டும் துணிதான் அவனுக்கு ஆகாது. அந்த ஒட்டும் பட்டை கழுத்தில் உரசினாலே உடம்பு நடுங்கும். வீட்டிலிருந்து அவனுடைய பழைய துண்டைக் கொண்டுபோனேன். மின்சார மெஷினின் சத்தம் காதுக்குக் கேட்பதோடு நிற்காது, மண்டை எலும்பில் இறங்கும். அதனால் கத்தரிக்கோல் மட்டும்.

அந்தப் பெரியவர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே வெட்டுவார். இருபது என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். முடி பாதி வெட்டியிருந்தாலும் வைத்துவிடுவார். எப்போது முடியும் என்று தெரிந்ததும் பையனின் தோள் இறங்கியது, அதை நான் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். பல நாள் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் வெட்டாமல் வீட்டுக்கு வந்திருக்கிறோம். லிப்டில் பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று பழகியதுதான். இப்போது அவனே போய் உட்கார்ந்து, “ஒன்று” என்று தொடங்கி வைக்கிறான். ஆனால் அவன் பழகாமலே போயிருந்தாலும் என் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அவனை யாரும் பிடித்து அமுக்கவில்லை.

அடுத்து பேச்சு. இதுதான் உங்கள் மனதை அறுக்கிறது என்று தெரிகிறது. என் மகன் வெகுகாலம் சொந்தமாக ஒரு சொல் சொல்லவில்லை, ஆனால் எம்ஆர்டி ரயில் அறிவிப்பை நான்கு மொழியிலும் அப்படியே சொல்வான். குரல்கூட அதே ஏற்ற இறக்கத்தில் வரும். எக்கோலேலியா என்பார்கள், கேட்டதைத் திரும்பச் சொல்வது. ஒரு கல்யாணத்தில் மண்டபத்தில் மேளம் உச்சத்தில் இருந்தபோது, அவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு “நெக்ஸ்ட் ஸ்டேஷன், காதிப்” என்றான். எங்கள் யீஷூனில் ரயில் ஏறினால் நகருக்குப் போகும் வழியில் அடுத்த நிலையம் காதிப். இங்கிருந்து கிளம்பலாம் என்று சொல்கிறான்! நான் உடனே செருப்பைத் தேடினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் “காதிப்” என்றால் போதும், கிளம்பலாம் என்று பொருள். அவன் அப்பாவும் தங்கையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே “அவன் வாக்கியமாகப் பேச வேண்டும்” என்பதை அடித்துவிட்டு, “அவன் சொல்வது எந்த வழியில் வந்தாலும் பதில் கொடுப்பேன்” என்று எழுதுங்கள். படத்தைக் காட்டினாலும் சரி, கையைப் பிடித்து இழுத்தாலும் சரி, ஐபேடில் பொத்தானை அழுத்தினாலும் சரி. அந்தப் படப் பலகை, பேசும் செயலி எல்லாம் கொடுத்தால் வாய் பேச்சு வராமல் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு அதனாலேயே கொஞ்சம் கூடியும் இருக்கிறது. ஐபேடுக்கு அரை மணி என்று கட்டுப்பாடு வைக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். கார்ட்டூனுக்கு நேரக்கணக்கு வைக்கலாம். பேசுவதற்கு வைக்க முடியாது. முடிந்தால் அதற்குத் தனிக் கருவியே வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்ற தீர்மானத்தை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். இரண்டு மொழி வீட்டில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு மேலும் தாமதமாகிறது என்று எந்த ஆய்வும் உறுதியாகக் காட்டவில்லை. பல ஆய்வுகள் அதற்கு நேர்மாறாக, ஒரு வேறுபாடும் இல்லை என்றே சொல்கின்றன. உங்கள் மாமியார் ஊட்டும்போது ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். ஒரு நாளில் அந்தப் பிள்ளையோடு அதிகம் பேசுகிறவர் அவர்தான். “ஆ காட்டு, தயிர் சோறு, இன்னும் ஒரு வாய்” என்று அவர் சொல்லும் அதே சொற்கள் அதே நேரத்தில் தினமும் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் எது? பள்ளியில் ஆங்கிலம் இருக்கட்டும், ஆச்சியிடம் தமிழ் இருக்கட்டும்.

நீங்கள் வேலைக்குப் போனதால்தான் என்ற பேச்சு. அது உங்கள் மாமியார் கண்டுபிடித்தது இல்லை. 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, மேல்நாட்டுப் பெரிய படிப்பாளிகளே தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று வருடக்கணக்கில் சொல்லி, எத்தனையோ தாய்மாரை அழவைத்தார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் இது மூளை வளர்ச்சி சார்ந்தது, தாயின் குறை இல்லை என்று ஆதாரத்தோடு புத்தகம் எழுதினார். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். இன்றைக்கு மரபணுவின் பங்குதான் பெரிது என்பதில் மருத்துவர்களிடம் சந்தேகம் இல்லை. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அடங்கும். என் அம்மாவுக்கு அடங்கியது.

இன்னொரு பிள்ளை உங்களுக்கு இருந்தால் அதற்கும் ஒரு வருடத் தீர்மானம் கொடுங்கள். என் மகளுக்குச் சனிக்கிழமை காலை. அண்ணனை அப்பா பார்த்துக்கொள்வார், நானும் அவளும் தேக்காவுக்குப் போவோம். அவ்வளவுதான், அதில் சொல்ல வேறொன்றும் இல்லை, ஆனால் விட்டதில்லை.

வரும் வருடத்துக்கு நான் எடுத்திருப்பது எழுத்து வேலை. இங்கே இருபத்தொரு வயது ஆகிவிட்டால், பிள்ளை நம்மோடு ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டாலும், சட்டப்படி அவன் தனி ஆள். வங்கிக் கணக்கோ சிகிச்சையோ, அவனால் முடிவெடுக்க முடியாத விஷயங்களில் நாம் முடிவெடுக்க நீதிமன்றம் நம்மை டெபுட்டியாக நியமிக்க வேண்டும். சட்டம் முதலில் அவனால் முடியும் என்றே எடுத்துக்கொள்ளும். அது சரியும்கூட, எதில் முடியும் எதில் முடியாது என்று நாம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க அது வழிவிடுகிறது. பள்ளியிலேயே இதற்கு உதவி செய்கிறார்கள், கேளுங்கள். இன்னொன்று எஸ்என்டிசி, சிறப்புத் தேவையுள்ளோருக்கான அறக்கட்டளை நிறுவனம். 5,000 வெள்ளி இருந்தால் தொடங்கலாம். பணம் பொது அறங்காவலரிடம் இருக்கும், போட்ட முதலுக்கு அரசாங்கம் உத்தரவாதம். நமக்குப் பிறகு நம் மசேநிதிப் (மத்திய சேம நிதி) பணம் அவனுக்கு மொத்தமாகப் போகாமல் மாதாமாதம் போகும்படி செய்யும் திட்டமும் அவர்கள் வழியாகவே இருக்கிறது.

அங்கே ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம் விருப்பத்தைச் சொல்லும் கடிதம். நான் இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன். காதிப் என்றால் என்ன, முடி வெட்டும்போது இருபது வரை எண்ண வேண்டும், வலித்தால் அழமாட்டான், இடது காதைத் தட்டுவான், மாத்திரையைத் தயிரில் வைத்துக் கொடுக்கக்கூடாது (கொடுத்தால் அப்புறம் தயிரையே தொடமாட்டான்). நீங்களும் ஒரு நோட்டு வாங்கி இன்றிலிருந்தே எழுதுங்கள். சட்டை லேபிள், அந்த நூல் வரைக்கும் எழுதுங்கள். ஜனவரியில் வகுப்பு ஆசிரியருக்கு அதில் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தாலே பாதி பாரம் குறையும்.

அழுகையைப் பற்றி. அழுங்கள் மா. கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை.


ஜூரோங் வாசி
டிசம்பர் 28, மாலை 6:30

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா சின்ன வயசுதான் முக்கியம், இப்பவே முழு மூச்சா இறங்கணும். எங்க உறவுக்காரர் ஒருத்தர் ஊர்ல ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். தலைமுடியப் பரிசோதிச்சு உடம்புல ஈயம், பாதரசம் சேந்திருக்குன்னு சொன்னாங்களாம். அத வெளியேத்த மருந்து, கோதுமையும் பாலும் நிறுத்தின சாப்பாடு. ஆறு மாசத்துல பேச்சு வரும்ங்கிறாங்க. தீர்மானம்னா இந்த மாதிரி ஏதாவது எடுங்க.


யீஷூன் அக்கா
டிசம்பர் 28, இரவு 8:10

தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதில் நான் அழுத்தமாகப் பேசியாக வேண்டும். உலோகத்தை வெளியேற்றும் அந்தச் சிகிச்சைக்குக் கீலேஷன் என்று பெயர். உண்மையிலேயே ஈய நஞ்சு ஏறியவர்களுக்கு மருத்துவமனையில் கண்காணிப்போடு கொடுப்பது. ஆட்டிசத்துக்கு அது மருந்தே இல்லை. 2005-இல் அமெரிக்காவில் ஆட்டிசம் இருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனான். பாதரச பயத்துக்கும் தடுப்பூசி பயத்துக்கும் வேர் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்பீல்டு தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு எழுதிய கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சாப்பாட்டையும் யோசியுங்கள். நிலாவின் மகன் சாப்பிடுவதே சோறு, தயிர், பரோட்டா. கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் மிஞ்சுவது வெறும் சோறு. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் பரிசோதித்துச் சொன்னால் நிறுத்தலாம், அது வேறு. சின்ன வயதில் பயிற்சி முக்கியம் என்று நீங்கள் சொன்னது உண்மை. அதைத்தான் இபிக்கில் செய்தார்கள், இனி பள்ளியில் செய்வார்கள். அந்தப் பணத்தை வைத்திருந்தால் அவனுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு உதவும். அப்போதுதான் செலவு தொடங்குகிறது.


வட்டப்பாதை
டிசம்பர் 29, அதிகாலை 1:20

எனக்கு 24 வயது. எனக்கு ஆட்டிசம் உண்டு. நூலகத்தில் வேலை செய்கிறேன். திரும்பி வரும் புத்தகங்களை எண் வரிசைப்படி அடுக்குவது என் வேலை. எனக்குப் பேச வரும், ஆனால் களைத்தால் வராது. அப்போது கைப்பேசியில் தட்டச்சு செய்து காட்டுவேன். நிலாவின் மகனைப் போன்றவர்களுக்காக நான் பேச முடியாது. அவனுக்கு வேறு தேவைகள் இருக்கும். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் பெற்றோர் எடுத்த தீர்மானங்களில் எனக்கு உதவியவை இவை. நான் அறையில் இருக்கும்போது என்னைப் பற்றி மற்றவரிடம் பேசுவதில்லை என்று அம்மா முடிவு செய்தார். நான் திரும்பிப் பார்க்காவிட்டாலும் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். சின்ன வயதில் கேட்டதெல்லாம் இன்றும் நினைவிருக்கிறது. உறவினர் வீட்டுக்கு வந்து “இவன் எப்படிப் படிக்கிறான்?” என்று அம்மாவைக் கேட்டால், அம்மா என் பக்கம் திரும்பிக் காத்திருப்பார். நான் பதில் சொல்ல நேரம் ஆகும். அவர் இடையில் நுழையமாட்டார். தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனை அன்றும் அப்படித்தான் இருந்தார்.

“என் கண்ணைப் பார்” என்று சொல்வதை அப்பா நிறுத்தினார். கண்ணைப் பார்த்தால் எனக்குப் பேச்சு கேட்காது. தரையைப் பார்த்தால் கேட்கும்.

தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது, யார் வீடு, எத்தனை மணிக்குப் போகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், அங்கே நாய் இருக்கிறதா என்று எழுதி முதல் நாளே தருவார்கள். சொன்ன நேரத்துக்குக் கிளம்புவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று யாராவது வற்புறுத்தினாலும் கிளம்புவார்கள். பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடு பார்க்கப் போவதானால் இதைச் செய்யுங்கள். மாட்டின் வாசனை இருக்கும் என்பதையும் முன்பே சொல்லுங்கள்.

கையை ஆட்டுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது என்னை அமைதிப்படுத்துகிறது.

என்னைப் போன்ற சிலருக்கு ஆச்சரியப் பரிசு வேண்டாம். என்ன வாங்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

யீஷூன் அக்காவின் மகன் சொல்லும் நான்கு மொழி அறிவிப்பு எனக்கும் மனப்பாடம். அவன் விரும்பினால் அவனோடு ரயிலில் கடைசி நிலையம் வரை போய்வர எனக்கு விருப்பம். ஞாயிறு காலை 8 மணிக்கு முன்பு கூட்டம் குறைவு.


யீஷூன் அக்கா
டிசம்பர் 29, காலை 9:45

வட்டப்பாதை தம்பி, கண்டிப்பாக. அவனிடம் காலண்டரில் காட்டிக் கேட்டுவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன். எந்தப் பாதை, எந்த நிலையத்தில் சந்திப்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதி அனுப்புவேன்.


தெம்பனிஸ் நிலா
டிசம்பர் 29, இரவு 10:30

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று மாலை பழைய தாளைக் கிழித்துவிட்டேன்.

நோட்டு வாங்கிவிட்டேன். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஆச்சி பேசுற தமிழே அவனுக்குப் பாடம்னு சொல்றாங்க, நீங்க பேசறத நான் எழுதி வைக்கப் போறேன்” என்றதும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே அவன் செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தட்டில் தயிர் சோற்றைத் தொட்டால் சோறு, தட்டின் விளிம்பைத் தட்டினால் போதும், தன் முழங்காலில் அடித்தால் தண்ணீர். தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் வேலையிலிருந்து வருவதற்குள் அவன் தண்ணீர் குடித்து முடித்திருப்பான். இதையெல்லாம் பள்ளிக்கும் கொடுக்கப் போகிறேன். மருத்துவரைப் பார்க்க பிப்ரவரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள், அத்தையும் வருகிறார்.

எனக்கென்று ஒரே தீர்மானம் எழுதினேன்: அவன் எதைச் செய்து காட்டினாலும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அவனுக்குப் பதில் கொடுப்பேன். வட்டப்பாதை சொன்னது மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அவன் இருக்கும்போது அவனைப் பற்றிப் பேசுவதில்லை என்று கணவரும் நானும் பேசி வைத்துக்கொண்டோம்.

ஒரு சந்தேகம் பாக்கி. இதுவரை நாங்களே காரில் கொண்டுபோய் விட்டோம். ஜனவரியில் பள்ளிப் பேருந்து. நான் இல்லாமல் ஏறியதே இல்லை. முதல் நாளை எப்படிச் சமாளிப்பது?


பொங்கோல் குமார்
டிசம்பர் 30, காலை 6:50

பேருந்துக்காரர் நம்பர் உங்ககிட்ட இப்பவே இருக்கணும், இல்லன்னா இன்னைக்கே பள்ளியக் கேளுங்க. அவருக்கு ஒரு மெசேஜ் போட்டு, வண்டி, ஓட்டுநர் அங்கிள், கூட வர்ற ஆன்ட்டி, இவங்க போட்டோ கிடைக்குமான்னு கேளுங்க. எங்களுக்குச் சந்தோஷமா அனுப்பினாங்க. வீடு, வண்டி, பள்ளி, வண்டி, வீடுன்னு அஞ்சு படத்த வரிசையா ஒட்டி ஒரு அட்டை பண்ணுங்க. கடைசிப் படம் வீடா இருக்கணும், அதுதான் முக்கியம்.

சீருடையப் போட்டுக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு, வண்டி நிக்கிற எடத்துக்கு நாளையிலேருந்தே அதே நேரத்துக்குப் போய் நில்லுங்க. ஹெட்போன் பையோட வெளிப்பக்கத்துல இருக்கட்டும். முழங்கால்ல அடிச்சா தண்ணின்னு ஆன்ட்டிகிட்ட வாய்ல சொன்னாப் பத்தாது, அவங்க எத்தனை பிள்ளைங்களப் பாப்பாங்க? ஒரு அட்டையில எழுதி, பை வார்ல மாட்டி விட்டுடுங்க.